ப்ரோகெலோவில் நாற்பது சாவு

முதல் முறை நான் செத்தது ஒரு வியாழக்கிழமை காலை. என்னைக் கொன்றவர் நிஜத்தில் பல் மருத்துவர் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று அவர் இரும்புக் கவசம் போட்ட படைத்தலைவர், நான் அழுகிய பிணம். முகம் முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சு, கன்னத்தில் லேடெக்ஸில் செய்து ஒட்டிய புண், மேலே கிழிந்த சாக்கு. அவருடைய வாள் என் தோளில் விழுந்தது. தலையணையால் சாத்திய மாதிரி இருந்தது. அடி பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாம் மறந்துபோய், வாய் தன்பாட்டுக்கு "ஸாரி" என்றது.

அவர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் தன் ஆட்கள் பக்கம் திரும்பி அலறினார்: "ஜாக்கிரதை! இவை பேசக் கற்றுக்கொண்டுவிட்டன!"

அன்று சாயங்காலத்துக்குள் மன்னிப்புக் கேட்கும் பிணங்களைப் பற்றிய வதந்தி பல முகாம்களைத் தாண்டியிருந்தது. பிணத்துக்கு மொழி வந்தது எப்படி என்று ஒரு மந்திரவாதி விசாரணையே தொடங்கிவிட்டாராம். நான் உளறியது, அந்த மனிதரின் புண்ணியத்தில் கதையாகிவிட்டது.

இதெல்லாம் நடந்தது ஒரு லார்ப் ஆட்டத்தில். லார்ப் என்பது லைவ் ஆக்‌ஷன் ரோல்பிளேயிங் என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டத்தை எழுப்பி, வேஷம் கட்டி, காட்டுக்கு அனுப்பிவைத்தால் அதுதான் லார்ப். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1977இல் டாகர்ஹிர் என்ற குழு பஞ்சு வைத்த வாள்களோடு சண்டை போடத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1982இல் செஷயரில் உள்ள பெக்ஃபர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற லார்ப் ஆட்டம் வந்தது. ஜெர்மனிக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தபின் ஜெர்மானியர்கள் எதையும் செய்கிற மாதிரி இதையும் செய்தார்கள். சட்டதிட்டத்தோடு, பெரிய அளவில், கழிவறை வரிசை உட்பட எல்லாவற்றையும் திட்டமிட்டு.

நான் சொல்வது 'கான்க்வெஸ்ட் ஆஃப் மித்தோடேயா' பற்றி. 2004இலிருந்து நடக்கிறது. ஹானோவருக்கு வடமேற்கே, நீன்பூர்க் பக்கத்தில் ப்ரோகெலோ என்று ஒரு சின்ன கிராமம். ஒரு பழைய பண்ணை மாளிகை, சுற்றிலும் வயல், கொஞ்சம் காடு. ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்குகிறார்கள். கூடாரங்கள், மரக்கோட்டை வாசல், கடைத்தெரு, சாராயக்கடை எல்லாம் சேர்ந்து சில நாட்களுக்கு அது ஒரு கண்டம். தெர்ரா (மண்), அக்வா (நீர்), இக்னிஸ் (தீ), ஏரிஸ் (காற்று), மாகிகா (மந்திரம்) என்று ஐந்து பூதங்களை வணங்குகிறவர்கள் ஒரு பக்கம். அவற்றுக்கு எதிராகக் கறுப்புப் பனி, சாகாத சதை, வெறுமை என்று பகைப்படைகள் மறுபக்கம். நம் ஐம்பூதக் கணக்கோடு ஒப்பிட்டேன், நான்கு ஒத்துப்போகிறது. ஆகாயம் இருக்க வேண்டிய இடத்தில் மந்திரத்தை வைத்திருக்கிறார்கள்.

என்னை அழைத்துப்போனது அலுவலக நண்பன். முதல் வருடம் 'என்எஸ்சி'யாக வா என்றான். சொந்தப் பாத்திரம் இல்லாமல், கதை கேட்கிற வேஷத்தையெல்லாம் போடுகிறவர்களுக்கு அந்தப் பெயர். டிக்கெட் மலிவு, உடையும் முகப்பூச்சும் கிடைத்துவிடும், தினமும் சண்டை உண்டு, தினமும் தோற்கலாம். மாதச் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மலிவு என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது.

உள்ளே போகும்போது ஆயுதச் சோதனை. வாளுக்கு நடுவில் கண்ணாடியிழைக் கம்பி, அதைச் சுற்றி நுரை, மேலே லேடெக்ஸ் பூச்சு. சோதிப்பவர் வாளை வளைத்துப் பார்ப்பார், முனையை அழுத்திப் பார்ப்பார், சில சமயம் நம் மேலேயே ஒன்று வைத்துப் பார்ப்பார். தலையில் அடிக்கக் கூடாது. குத்தக் கூடாது, கம்பி நுரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. ஆட்டத்துக்குள் இருப்பதற்கு 'இன்-டைம்', சுருக்கமாக ஐ.டி. 'நீ ஐ.டி.யா?' என்று ஒருவர் கேட்டபோது, ஆமாம், மென்பொருள் சோதனைப் பிரிவு என்று பதில் சொன்னவன் நான்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்துப்போனது சண்டையோ உடையோ இல்லை. 'ஓப்ஃபர்ரேகல்' என்று ஜெர்மன் லார்ப்பில் பரவலாகச் சொல்லும் ஒரு வழக்கம். தமிழில் சொன்னால், அடிபட்டவன் விதி. ஒரு அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை அடித்தவன் சொல்ல முடியாது. வாங்கியவன்தான் முடிவு செய்வான். மந்திரவாதி கையை நீட்டி "எரிந்து போ" என்று கத்தினால், எரிவதா, லேசாகச் சுட்டதா, ஒன்றுமே ஆகவில்லையா என்பது என் கையில். ஒன்றுமே ஆகவில்லை என்று நான் நிற்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் அப்படி நிற்பவனோடு மறுநாள் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

முதல் நாள் இது எனக்குப் பிடிபடவில்லை. கேரம் ஆட்டத்தில்கூடக் கோடு தாண்டவில்லை என்று சத்தியம் செய்கிற ஊரில் வளர்ந்தவன். தோற்பவன் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் உருப்படுமா என்றுதான் தோன்றியது. இரண்டாம் நாள்தான் எங்கள் ஊர்த் துரியோதனன் நினைவுக்கு வந்தார்.

நான் செஞ்சிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு மண்ணில் துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டிய துரியோதனனும் வீமனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து சண்டை போடுவார்கள். எங்கள் ஊரில் துரியோதனன் கட்டிய பெரியவர் சாவதற்கு எப்படியும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடுமாற்றம், ஒரு வசனம், ஒரு எழுச்சி. வீமன் கட்டியவர் ஒல்லி, அடியிலும் பெரிய பலமில்லை. அது எங்களுக்குத் தெரிந்ததே இல்லை, ஏனென்றால் துரியோதனன் வாங்குகிற விதத்தில் அவ்வளவு பலம் இருந்தது. வீமனைப் பெரிய ஆளாக்கியதே அவர்தான் என்பது எனக்கு ப்ரோகெலோ வயலில், சேற்றில் மல்லாந்து கிடந்தபோதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு சாவதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. அந்த நான்கு நாளில் நாற்பது முறையாவது செத்திருப்பேன். முழங்காலில் விழுந்து செத்தேன், கோட்டை வாசலில் தொங்கிக்கொண்டு செத்தேன், செத்தபின் எழுந்து இரண்டடி நடந்து மறுபடி செத்தேன். பெற்றோரோடு வந்திருந்த ஒரு பையன், பத்து வயது இருக்கும், தன்னைவிடப் பெரிய கேடயத்தோடு முன்னே வந்து என் முழங்காலில் ஒன்று போட்டான். அவனுக்காக முழுத் துரியோதனனையும் இறக்கினேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வானத்தைப் பார்த்து, தமிழில் நாலு சாபம் விட்டுச் சாய்ந்தேன். பையன் பயந்து நாலடி பின்வாங்கி, பிறகு மெல்ல வந்து காலால் என்னைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேனோ என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து சிமிட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "இன்னும் சாகவில்லை" என்று கத்திக்கொண்டு மறுபடி போட்டான்.

சனிக்கிழமை மாலை நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. சண்டை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். எழுந்திருங்கள் என்று எங்கள் தலைவர் சைகை காட்டும்வரை நாங்கள் ஐந்தாறு பேர் கிடக்க வேண்டியிருந்தது. அப்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கூடையோடு வந்தார். பச்சை அங்கி, தெர்ராவை வணங்குகிற மருத்துவச்சி. அவர்கள் பக்கத்துக் காயக்காரர்களை எல்லாம் ஏற்கெனவே தூக்கிப்போயிருந்தார்கள். இவர் பகைவர் பிணங்களிடம் வந்தார். ஒவ்வொருவர் பக்கத்திலும் மண்டியிட்டு, கீழே இருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் வைத்து, "மண் உன்னை மறக்காது, போய் வா" என்றார். பார்க்க ஆள் இல்லை, படம் எடுக்க ஆள் இல்லை. கதைக்கும் அது தேவையில்லை.

என் ஆயா இறந்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். விசாவும் டிக்கெட்டும் ஒத்துவந்து ஊர் போய்ச் சேர்ந்தது பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான். ஒரு பிடி மண் போட முடியவில்லை என்பது எனக்குள் எங்கோ கிடந்திருக்க வேண்டும். அந்த அம்மா என் நெற்றியில் மண்ணை வைத்ததும் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. பிணம் அழக் கூடாது. அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் தன் கையால் என் கண்ணை மூடிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இரண்டாம் வருடம் மழை. வடஜெர்மனியின் ஆகஸ்ட் மழையை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. வயல் நாற்றங்கால் ஆகிவிட்டது. கோட்டை வாசலில் இருட்டுகிற நேரத்தில் பெரிய மோதல். எனக்கு எதிரே சிவப்புத் தாடிக்காரர் ஒருவர், சரியான ஆட்டக்காரர். நாங்கள் மும்முரமாக இருந்தபோது "ஸானி!" என்று ஒரு குரல். ஆட்டத்துக்குள் காயம் பட்டால் "வைத்தியர்!" என்று கத்தலாம், "ஐயோ, என் கால்!" என்றும் கத்தலாம். "ஸானி" என்றால் மட்டும் நிஜம், உண்மையான முதலுதவி ஆள் வேண்டும். சேற்றில் வழுக்கி ஒருவருக்குக் கணுக்கால் திரும்பிவிட்டது.

சத்தம் ஒரு வட்டமாகப் பரவி அடங்கியதைக் காதால் கேட்டேன். முன்வரிசை உட்கார்ந்தது, ஆயுதங்கள் கீழே போயின. விழுந்தவர் மனிதர் பக்கம். அவர் மேல் மழை படாமல் கேடயத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள் எங்கள் பேய்கள். கொம்பு வைத்த ராட்சதன் ஒருவன் முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஊர், யாரோடு வந்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். முதலுதவிக்காரர்கள் வந்து தூக்கிப்போனார்கள். பெரிய காயமில்லை. மறுநாள் கட்டுப்போட்ட காலோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் போர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அவரைத் தூக்கிப்போனபின் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். நானும் சிவப்புத் தாடியும் எந்த நிலையில் விட்டோம் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. வாளை எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இல்லை, நீங்கள் என் விலாவில் ஒன்று வைத்திருந்தீர்கள். நான் இன்னும் விழவில்லை." சொல்லிவிட்டு விழுந்தார்.

மூன்றாம் வருடம் சொந்தப் பாத்திரம் எடுக்க முடிவு செய்தேன். நண்பர்களிடம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: தலைப்பாகை, வாசனைப் பொருள் வியாபாரி. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் நிறம் ஒத்துவருகிறது என்பதற்காக ஒரு வேஷத்தைக் கையில் திணிப்பது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு முன் வேறொரு சின்ன கானில் (கான் என்பதுதான் இந்தக் கூட்டங்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்) கூர்க்காதும் வெள்ளை முடியுமாக ஒரு இருள்-எல்ஃபைப் (கற்பனைக் கதைகளில் வரும் கருந்தோல் இனம்) பார்த்திருந்தேன். முகம், கை எல்லாம் கன்னங்கரேல் என்று மை. அவர் என்னைப் பார்த்து, நான் அவரைப் பார்த்து, இருவருக்குமே வேறெங்கோ பார்க்க வேண்டியதாகிவிட்டது. இது சரியா என்று லார்ப் ஆட்களுக்குள்ளேயே நீண்ட நாளாக வாக்குவாதம் உண்டு. நீலமோ சாம்பலோ பூசிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி நீலம்தான். ஆனாலும் அன்று அவரிடம் போய் நான் எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

சரி, கடைசியில் ஓலைக்காரன் ஆனேன். தெற்கே எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து வந்தவன், அரசர்களுக்கிடையே ஓலை கொண்டுபோகிறவன், சண்டை போடத் தெரியாதவன். பெயர் மாறன். எல்லோரும் மாரான் என்றார்கள். உன்னால் செய்து காட்ட முடிந்ததுதான் உன்னால் முடியும் என்பது இங்கே இன்னொரு கொள்கை. எழுதத் தெரிந்தால் எழுதுகிறவனாக இரு, ஓடத் தெரிந்தால் ஓடுகிறவனாக இரு. எனக்கு இரண்டும் தெரியும். வேட்டியைக் கச்சம் வைத்துக் கட்டி, கீழே நல்ல பூட்ஸ் போட்டேன். நீள அங்கிக்காரர்கள் முழங்கால்வரை சேற்றைச் சுமந்து நடந்தபோது, நடவு வயலில் இறங்கிய பெரியப்பா மாதிரி நான் தாண்டித் தாண்டிப் போனேன். அந்த ஒரு நாளில் மூன்று பேர் வேட்டி கட்டுவது எப்படி என்று கேட்டார்கள்.

ஒரு சிற்றரசர் வடக்கு முகாமுக்கு ரகசிய உறுதிமொழி ஒன்றை என்னிடம் கொடுத்தனுப்ப வேண்டும். எங்கள் நாட்டுக் கமுக்க எழுத்தில் எழுதுகிறேன், படிக்க யாராலும் முடியாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கெட்டிக் காகிதத்தை ஓலை அகலத்துக்கு வெட்டி, மூங்கில் பேனாவை எடுத்துக்கொண்டு இரவு விளக்கடியில் உட்கார்ந்தேன். முதலில் ஒரு குறளை எழுதலாம் என்று நினைத்தேன். சேற்றில் விழப்போகிற காகிதத்தில் குறளை எழுத மனம் வரவில்லை. மணி ஒன்றாகியிருந்தது, பசி வேறு. ஊர் திரும்பியதும் வாங்க வேண்டியவை மனதில் ஓடிக்கொண்டிருந்தன. அதையே எழுதிவிட்டேன். துவரம்பருப்பு அரை கிலோ. மல்லித்தூள் நூறு கிராம். புளி. கடுகு. பெருங்காயம் ஒரு டப்பா. கடைசி வரியைக் கொஞ்சம் பெரிதாக, சுழித்துச் சுழித்து எழுதினேன், முத்திரைக்குப் பக்கத்தில் அழகாக இருக்கட்டும் என்று. அரக்கு வைத்து மூடினேன்.

காட்டுப் பாதையில் ஓர்க்குகள் (கற்பனைக் கதைகளில் வரும் முரட்டு அரக்கர்கள்) மறித்தன. எட்டுப் பத்துப் பேர், பச்சைத் தோல், தந்தம் நீட்டிய முகமூடிகள். நான் ஓடினேன், பிடித்தார்கள். தலைவன் முத்திரையை உடைத்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து உறுமினான். யாருக்காவது இது தெரியுமா என்று ஜெர்மனில் கர்ஜித்தான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சற்றுக் குட்டையான ஓர்க் ஒன்று முன்னே வந்தது. ஓலையை வாங்கி நேராகத் திருப்பியது. நேராகத் திருப்பியபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. முகமூடிக்குள் இரண்டு கண்கள் வரிவரியாக இடமிருந்து வலமாக நகர்ந்தன. ஒரு இடத்தில் நின்றன. அப்புறம் அந்த ஓர்க் என் காதருகே குனிந்து, பெண்குரலில், மிக மெதுவாகச் சொன்னது:

"அண்ணை, இதில பருப்பு, மல்லித்தூள் எண்டு கிடக்கு."

என்னால் பேச முடியவில்லை. அந்தப் பெண் அங்கேயே ஆட்டத்தைக் கலைத்திருக்கலாம். இது மளிகைச் சீட்டு என்று ஜெர்மனில் ஒரு வாக்கியம் போதும். பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள், என் ஓலைக்காரன் அதோடு முடிந்திருப்பான்.

அவள் நிமிர்ந்து, நடுங்கும் கையோடு ஓலையைத் தூக்கிப் பிடித்து, தன் தலைவனுக்கு ஜெர்மனில் 'மொழிபெயர்க்க'த் தொடங்கினாள். இது சாபம். இதைத் திறந்தவனின் படை அரை நாளில் பாதியாகும். நூறு வீரர்கள் தூளாகப் போவார்கள். இரத்தம் நரம்புக்குள்ளேயே புளிக்கும். எதிரிகள் கடுகைப் போலச் சின்னவர்களாக வந்து, கடுகைப் போல வெடிப்பார்கள். கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தினாள். இதை உரக்கச் சொல்லலாமா என்று தலைவனைப் பார்த்தாள். சொல் என்றான். "பெருங்காயம்" என்று தமிழிலேயே முழங்கினாள். பிறகு ஜெர்மனில், "ஆறாத, பெரிய காயம்."

தலைவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தான். அவன் இஷ்டம், அடிபட்டவன் விதி. பின்னால் இருந்தவர்களும் வரிசையாக விழுந்தார்கள். அவளும் விழுந்தாள். விழுவதற்கு முன் ஓலையை மட்டும் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் ஓடிவிட்டேன்.

மறுநாள் குளியல் வரிசையில் துண்டோடு நின்ற ஒரு பெண் "என்ன அண்ணை, புளி எவ்வளவு எண்டு எழுதேல்லையே?" என்றாள். பிறந்து வளர்ந்தது டோர்ட்முண்ட் பக்கம், அப்பா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா அடித்து அனுப்பாத குறையாக அனுப்பினாராம். "பத்து வருசம் படிச்சதுக்கு நேற்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது" என்றாள். வீட்டில் இந்த விளையாட்டைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "காம்பிங் எண்டுதான் சொன்னனான்." நானும் அப்படித்தான். வீடியோ அழைப்பில் அம்மா, "என்னடா இது, கையெல்லாம் கன்னிப்போயிருக்கு?" என்று கேட்டபோது சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். செத்துச் செத்து விளையாடினேன் என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த வருடம் கடைசி நாள் பெரும்போர். நான் அப்போதும் ஓலைக்காரன், ஒரு குன்றின் மேல் எங்கள் மந்திரவாதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே எதிரிகள் அணிவகுத்து வந்தார்கள். இடதுபுறத்தில் ஓர்க்குகள், முந்தைய வருடத்தைவிட நாலு மடங்கு. முரசு அடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நடுவில் இரண்டு ஆள் உயரக் கம்பத்தில் ஒரு கறுப்புக் கொடி. அதில் சிவப்பு நிறத்தில், என் கையெழுத்தின் ஒவ்வொரு சுழிப்பையும் விடாமல் பெரிதாக்கி வரைந்த எழுத்துகள். புள்ளிகளை மட்டும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. யார் வரையச் சொன்னது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, புள்ளியை விட்டதற்கு அவள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள் என்பதிலும் சந்தேகமில்லை.

பெருஙகாயம.

என் வேட்டி காற்றில் படபடத்தது. மந்திரவாதி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாரான், அது உன் நாட்டு எழுத்தாயிற்றே? என்ன எழுதியிருக்கிறது?"

"பெரிய காயம்" என்று சொல்லிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன்.